சாக்லேட் மின்ட் சாண்ட்விச் குக்கீ: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

மொறுமொறுப்பான இரண்டு சாக்லேட் குக்கீகளுக்கு நடுவே பெப்பர்மின்ட் மணக்கும் வெள்ளை கிரீமை வைத்து ஒட்டியதுதான் சாக்லேட் மின்ட் சாண்ட்விச் குக்கீ. கோகோவின் கசப்பும் சர்க்கரையின் இனிப்பும் நாக்கில் நிற்கும்போதே மின்ட்டின் குளுமை தொண்டை வரை இறங்குவதுதான் இதன் சுவை. மாவு இளகாமல் பார்த்துக்கொள்வதிலும் மின்ட்டைத் துளிக் கணக்கில் சேர்ப்பதிலும் கவனமாக இருந்தால், இதுவரை அவன் (oven) அடுப்பின் பக்கமே போகாதவர்களுக்கும் இது நன்றாகவே வரும்.

குக்கீக்கு மைதா 125 கிராம், கோகோ பவுடர் 40 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா எசன்ஸ் அரை தேக்கரண்டி, பால் 1 மேசைக்கரண்டி தேவை. கிரீமுக்கு உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், ஐசிங் சர்க்கரை 120 கிராம், பெப்பர்மின்ட் எசன்ஸ் கால் தேக்கரண்டி, பால் 1 தேக்கரண்டி. இந்த அளவில் சுமார் 18 ஜோடி கிடைக்கும். மைதாவையும் கோகோவையும் கப்பில் அழுத்தி எடுப்பதற்கும் தளர்வாக எடுப்பதற்கும் எடையில் பெரிய வேறுபாடு வருமாகையால், சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

கோகோ பவுடரில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகை வெளிர் பழுப்பாகவும் சற்றுப் புளிப்பாகவும் இருக்கும். டச்சு வகை என்பது நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறைப்படி காரப்பொருள் (alkali) சேர்த்துப் புளிப்பைக் குறைத்தது. நிறம் கருமையாகவும் சுவை மென்மையாகவும் இருக்கும். மின்ட்டுக்கு டச்சு வகையே பொருத்தம் என்பது என் கருத்து. பேக்கிங் சோடாவோ பேக்கிங் பவுடரோ வேண்டாம். குக்கீ உப்பி எழுந்தால் மேல்பாகம் வளைந்து, ஜோடி ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது.

முதலில் வெண்ணெயை, விரலால் அழுத்தினால் குழி விழும் பதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வைத்த கால் மணி நேரத்திலேயே அந்தப் பதம் வந்துவிடும். பளபளவென்று எண்ணெய் மிதக்கத் தொடங்கினால் தாமதித்துவிட்டோம் என்று பொருள். அதனுடன் பொடித்த சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து, கிரீம்போல் ஆகும் வரை 2 நிமிடம் குழைத்து, வெனிலா சேர்க்கவும். மைதாவையும் கோகோவையும் ஒன்றாகச் சலித்து இதில் கொட்டி, விரல் நுனிகளால் சேர்த்துக்கொண்டே பாலைச் சிறிது சிறிதாகத் தெளித்தால் மாவு திரண்டு வரும். சப்பாத்தி மாவைப்போல் அடித்துப் பிசைந்தால் மைதாவின் பசைத்தன்மை வலுப்பெற்றுக் குக்கீ கடினமாகிவிடுமாகையால், உருண்டையாகத் திரண்டவுடன் கையை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே மாவை வைத்து, பூரிக்கட்டையால் 4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராகத் தேய்த்து, பேப்பரோடு ஒரு தட்டில் வைத்து 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கவும். இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. இளகிய மாவை அப்படியே பேக் செய்தால், உருவம் இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி வட்டங்கள் பரவிவிடும். குளிர்ந்த மாவை 5 சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டிப் பட்டர் பேப்பர் விரித்த டிரேயில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் மூன்று இடத்தில் குத்தவும். நீராவி வெளியேறிக் குக்கீ தட்டையாகவே இருக்கும். ஓரத்துத் துண்டுகளைத் திரட்டி மீண்டும் தேய்த்து, மீண்டும் குளிர வைத்தே வெட்ட வேண்டும்.

அவன் அடுப்பை 170 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, 11 முதல் 12 நிமிடம் பேக் செய்யவும். மற்ற பிஸ்கட்டுகள் பொன்னிறமானால் வெந்துவிட்டன என்று அறியலாம். இது முதலிலிருந்தே கருநிறமாக இருப்பதால் கண் உதவாது. மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மறைந்து, ஓரத்தை மெல்லத் தொட்டால் உறுதியாகவும் நடுப்பகுதி சற்று மென்மையாகவும் இருந்தால் எடுத்துவிடலாம். கருகினால் முதலில் கசந்த வாடைதான் வரும். அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது உடையுமாகையால் டிரேயிலேயே 5 நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றி முழுமையாக ஆற விடவும்.

கிரீமுக்கு வெண்ணெயை நன்றாகக் குழைத்து, சலித்த ஐசிங் சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்து அடிக்கவும். பெப்பர்மின்ட் எசன்ஸைப் பாதியளவு மட்டும் ஊற்றிக் கலந்து, ஒரு குக்கீத் துண்டில் தொட்டுச் சுவைத்த பிறகே மீதியைச் சேர்க்க வேண்டும். எசன்ஸுக்குப் பதிலாகப் பெப்பர்மின்ட் எண்ணெய் வைத்திருப்பவர்கள், அது உண்பதற்கு உரியது என்று குப்பியில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து, 1 துளியில் தொடங்குங்கள். எசன்ஸின் அளவிலேயே நான் ஒருமுறை எண்ணெயை ஊற்றி, அந்தக் கிரீம் முழுவதையும் கொட்ட நேர்ந்தது. பச்சைப் புதினாவை அரைத்துச் சேர்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இலையின் நீர் கிரீமைத் திரித்துவிடும். மேலும், குளிர்ச்சியை உணரவைக்கும் மென்தால் பெப்பர்மின்ட்டில்தான் மிகுதி. சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் நம் புதினா பெரும்பாலும் வேறு இனம், அதில் மென்தால் மிகக் குறைவு. கிரீம் கெட்டியாக இருந்தால் மட்டும் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும்.

ஒரே அளவுள்ள குக்கீகளை ஜோடி சேர்த்து, ஒன்றின் அடிப்பாகத்தில் ஒரு தேக்கரண்டி கிரீமை நடுவில் வைத்து, மற்றொன்றை அதன்மேல் வைத்துச் சிறிது திருகியவாறு அழுத்தினால் கிரீம் ஓரம் வரை சீராகப் பரவும். குக்கீயில் இளஞ்சூடு மிச்சமிருந்தாலும் கிரீம் உருகி வழிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். செய்த அன்றைவிட மறுநாள்தான் மின்ட்டின் மணம் குக்கீயிலும் ஏறியிருக்கும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள்.