தீனியைத் தொடாத துறவி நண்டுகள்
என்னிடம் தரையில் வாழும் துறவி நண்டுகள் (காலிச் சங்குக்குள் உடலை நுழைத்து வாழும் ஹெர்மிட் நண்டுகள்) இரண்டு இருக்கின்றன. தொடக்கத்தில் டப்பாவில் வரும் உருண்டைத் தீனியை மட்டுமே வைத்தேன். காலையில் பார்த்தால் தட்டு வைத்தது வைத்தபடியே இருக்கும். பெரியது நாளுக்கு நாள் மந்தமானது. எனக்குப் பயமாகிவிட்டது.

அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். நண்டுக்கு ஆகாத செம்பு உப்பான காப்பர் சல்பேட், தீனி கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமான எத்தாக்ஸிக்வின் என்று போட்டிருந்தது. அன்றே அதை நிறுத்திவிட்டேன். இயற்கையில் இவை கரை ஒதுங்கிய மீன், கடற்பாசி, விழுந்த பழம், உதிர்ந்த இலை, மட்கிய மரம் என்று கிடைப்பதையெல்லாம் தின்பவை. ஒரே உருண்டை எப்படிப் போதும்?

இப்போது விளக்கை அணைக்கும் முன் தட்டு வைக்கிறேன். இவை இரவில்தான் மேயும். உப்பும் மசாலாவும் சேர்க்காத மீன் ஒரு நாள், கேரட்டும் பழத்துண்டும் மறுநாள். இறாலை ஓட்டோடு கொடுப்பேன், அந்த ஓட்டில் கைட்டின் இருக்கிறது, நண்டின் மேலோடும் அதனால் ஆனதுதான். சுண்ணாம்புச் சத்துக்கு கணவாய் ஓடும் பொடித்த முட்டை ஓடும் எப்போதும் தொட்டியில் இருக்கும். தோலுரித்தபின் புது ஓடு கெட்டிப்பட அது அவசியம். உரித்த பழைய ஓட்டையும் எடுக்காதீர்கள், நண்டு அதையே தின்னும்.

தண்ணீர் இரண்டு கிண்ணம்: குளோரின் நீக்கிய நன்னீர் ஒன்று, கடல்மீன் தொட்டிக்கான உப்பு கலந்தது இன்னொன்று. சமையல் உப்பு வேண்டவே வேண்டாம். தின்னாமல் விட்ட தீனியை மறுநாளே எடுத்துவிடுகிறேன்.

மாற்றிய முதல் இரவே இறால் காணாமல் போயிருந்தது. எவ்வளவு நிம்மதி!