லேபிள் அப்புறம், வசூல் முதலில்

வீட்டில் இட்லிப் பொடி அரைத்து விற்க ஆரம்பித்த புதிதில், லேபிளுக்கு எந்தப் பச்சை எடுப்பாக இருக்கும் என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதே வாரம் ஒரு கடைக்காரரின் பாக்கி மூன்றாவது மாதத்தைத் தொட்டிருந்தது. உளுந்து வாங்கக் கையில் காசில்லை.

அப்புறம் வந்த பழக்கம் இது. காலையில் வாணலியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன், அன்றைய வேலைகளை ஒரு தாளில் கிறுக்கிவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: இதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எது நிற்கும்? வறுப்பதைத் தள்ளினால் சரக்கு நிற்கும். வசூலைத் தள்ளினால் மிளகாய், உளுந்து எல்லாமே நிற்கும். இன்ஸ்டாகிராம் ரீல்? ஒன்றும் நிற்காது. அது ஞாயிறு மதியத்துக்கு.

இந்தக் கேள்வியில் சிக்காமல் நழுவுபவை பதிவு வேலைகள். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு உணவுத் தொழிலுக்குக் கட்டாயம். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு உத்யம்; அதற்குக் கட்டணமே கிடையாது. இடைத்தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். உத்யம் இருந்தால் 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் துணைக்கு வரும்: எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் கூட்டு வட்டி. இந்தப் பதிவுகளுக்காக ஒரு மதியத்தை ஒதுக்கிவிடுங்கள்.

என் பில்லில் இப்போது உத்யம் எண் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் இன்னும் இழுக்கத்தான் செய்கிறார், ஆனால் மூன்று மாதமெல்லாம் இல்லை.