ரோபோவுக்கு மோட்டார் டிரைவர்: எதை வாங்குவது, எப்படி ஒயர் கொடுப்பது

ஆர்டுயினோவின் (புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன கன்ட்ரோலர் போர்டு) ஒரு பின்னில் எல்இடி அழகாக எரிகிறதே, அதே பின்னில் மோட்டாரை மாட்டினால் ஏன் சுற்ற மாட்டேன் என்கிறது? முதல் ரோபோ செய்கிற எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும். ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின் நிம்மதியாகத் தரக்கூடியது 20 மில்லி ஆம்பியர். 40-ஐத் தாண்டினால் சிப்புக்கே ஆபத்து. கிட்களில் வருமே மஞ்சள் நிற கியர் மோட்டார், அது சுமை எதுவும் இல்லாமல் சுற்றவே நூறு இருநூறு மில்லி ஆம்பியர் கேட்கும். அதோடு, முன்னும் பின்னும் ஓட வேண்டுமென்றால் மோட்டாருக்குப் போகிற பிளஸ் மைனஸை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வதுதான் மோட்டார் டிரைவர். உள்ளே நான்கு சுவிட்ச், நடுவில் மோட்டார். படமாக வரைந்தால் எச் என்ற எழுத்து மாதிரி இருப்பதால் எச் பிரிட்ஜ் என்று பெயர்.

"எந்த டிரைவர் நல்லது?" என்று கேட்டால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எல்298என் என்பார்கள். மோட்டார் எது, பேட்டரி எது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அதனால் கடைக்குப் போகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

தெரிய வேண்டியது ஸ்டால் கரன்ட். சக்கரம் சுவரில் முட்டி அசையாமல் நிற்கும்போது மோட்டார் இழுக்கிற கரன்ட் அது. முட்டினால்தானே என்று நினைக்க வேண்டாம், நின்றிருக்கிற மோட்டார் கிளம்புகிற அந்த முதல் நொடித்துளியிலும் இதே கரன்ட்தான் பாய்கிறது. அளப்பது சுலபம். மோட்டாரைக் கழற்றி, மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, இரண்டு முனைகளிலும் தொடுங்கள். ஒரு ரீடிங் போதாது, உள்ளே பிரஷ் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். சக்கரத்தை மெதுவாகக் கொஞ்சம் திருப்பி, கையை எடுத்துவிட்டு, எண் நிலைத்த பிறகு படியுங்கள் (திருப்பிக்கொண்டே படித்தால் மோட்டார் தானே கரன்ட் உண்டாக்கி மீட்டரைக் குழப்பும்). இப்படி நான்கைந்து இடத்தில் பார்த்து, இருப்பதிலேயே குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் வருகிற அரை ஓம் சில்லறையையும் அதில் கழித்துவிடுங்கள்.

6.2 ஓம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லித்தியம் செல் தொடராக, முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். 8.4-ஐ 6.2-ஆல் வகுத்தால் சுமார் 1.35 ஆம்பியர். அதுதான் அந்த மோட்டாரின் ஸ்டால் கரன்ட். நான்கு சக்கர வண்டியில் ஒரு பக்கத்து இரண்டு மோட்டாரையும் சேர்த்து ஒரே சேனலில் (டிரைவரில் ஒரு மோட்டாருக்கான வெளியீடு) கட்டுகிறீர்கள் என்றால் அது 2.7 ஆம்பியர். இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு சக்கர வண்டியில் ஜம்மென்று ஓடிய டிரைவர் நான்கு சக்கரத்தில் ஏன் ஐந்தே நிமிடத்தில் சூடாகிப் படுத்துவிடுகிறது என்றால் காரணம் இந்தக் கணக்குதான்.

இப்போது சிப்புகளைப் பார்ப்போம். எல்298என் பழைய வகை, உள்ளே இருப்பது பைபோலார் டிரான்சிஸ்டர்கள். சேனலுக்கு 2 ஆம்பியர் வரை தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் 1 ஆம்பியர் ஓடும்போதே கிட்டத்தட்ட 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும், 2 ஆம்பியரில் அது 4.9 வோல்ட் வரைகூடப் போகலாம். நான்கு ஏஏ செல் போட்டு 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4 வோல்ட். மிச்சம் முழுக்கச் சூடு, அந்தப் பெரிய கறுப்பு ஹீட்சிங்க் அதற்காகத்தான் நிற்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஒரு ஆம்பியருக்குள் இழுக்கிற மோட்டார் என்றால் தாராளமாகப் போடலாம். ஸ்க்ரூ டெர்மினல் இருக்கிறது, சாலிடர் தெரியாவிட்டாலும் ஒயர் மாட்டலாம், அடி உதையும் தாங்கும். 6 வோல்ட் வண்டியில் இதைப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பது மாதிரி.

சிறிய வண்டிகளுக்கு நான் எடுப்பது டிபி6612. உள்ளே மாஸ்ஃபெட், அதாவது நஷ்டம் குறைவான புது வகை டிரான்சிஸ்டர். பாதையின் மொத்தத் தடை சுமார் அரை ஓம், அதனால் 1 ஆம்பியரில் அரை வோல்ட்தான் நஷ்டம். தொடர்ந்து 1.2 ஆம்பியர், கண நேரத்துக்கு 3.2 வரை. மோட்டார் பேட்டரி 13.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று டிஆர்வி8833, 2.7-லிருந்து 10.8 வோல்ட் வரை, சேனலுக்கு 1.5 ஆம்பியர். கரன்ட் அதிகமானால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பும் அதில் உண்டு. இரண்டு செல், நான்கு ஏஏ வண்டிகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். எல்293டி-யை விட்டுவிடுங்கள், 600 மில்லி ஆம்பியர்தான், நஷ்டமும் எல்298என் மாதிரியே. வைப்பர் மோட்டார் அளவு பெரியதாக இருந்தால் பிடிஎஸ்7960 போர்டு, மோட்டாருக்கு ஒன்று வீதம். அதன் மேல் 43 ஆம்பியர் என்று போட்டிருப்பது சிப்பின் உச்ச வரம்பு. அந்த ஹீட்சிங்கையும் டெர்மினலையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க 43 ஓட்ட முடியாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், சக்கரம் ஓடும்போது இழுக்கிற கரன்ட் டிரைவரின் தொடர் அளவுக்குள்ளும், ஸ்டால் கரன்ட் அதன் உச்ச அளவுக்குள்ளும் இருக்க வேண்டும். ஸ்டாலே தொடர் அளவுக்குள் அடங்கிவிட்டால் இன்னும் நிம்மதி, வண்டி சோபாவுக்கு அடியில் சிக்கி நின்றாலும் எதுவும் புகையாது.

இனி ஒயரிங். டிபி6612-ஐ வைத்தே சொல்கிறேன்.

முதலில் கிரவுண்டு. ஆர்டுயினோ 5 வோல்ட் சிக்னல் கொடுக்கிறது என்றால் எதை வைத்து 5? கிரவுண்டை வைத்துத்தான். மோட்டார் பேட்டரியின் மைனஸும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் சேராவிட்டால் டிரைவருக்கு அந்தச் சிக்னல் புரியவே புரியாது. மோட்டார் சும்மா நிற்கும், இல்லை பேய் பிடித்த மாதிரி துள்ளும். "புரோகிராம் சரியாக இருக்கிறது, ஓட மாட்டேன் என்கிறது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு ஒயரைத்தான். ஆனால் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பேட்டரி மைனஸிலிருந்து தடிமனான ஒயர் நேராக டிரைவரின் கிரவுண்டுக்குப் போகட்டும், அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஆர்டுயினோவுக்கு. மோட்டார் கரன்ட் முழுவதும் ஆர்டுயினோ வழியாகவோ பிரெட்போர்டின் மெல்லிய தகடு வழியாகவோ சுற்றிக்கொண்டு போகக் கூடாது. கலர் கலரான ஜம்பர் ஒயர்கள் சிக்னலுக்கு மட்டும்தான் லாயக்கு.

அடுத்தது, விஎம் பின்னுக்குப் பேட்டரி பிளஸ், விசிசி-க்குப் போர்டின் 5 வோல்ட். ஆர்டுயினோவுக்குப் பதில் 3.3 வோல்ட் சிக்னல் தருகிற ஈஎஸ்பி32 போர்டு என்றால் விசிசி-க்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். இந்தச் சிப் தன் விசிசி-யில் 70 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் சிக்னலை ஹை என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும், 5 வோல்ட் கொடுத்தால் அந்தக் கோடு 3.5-இல் போய் நிற்கும், ஈஎஸ்பி32-இன் 3.3 அதைத் தொடாது. அப்புறம் எஸ்டிபிஒய் பின். இதைச் சும்மா விட்டால் டிரைவர் தூங்கிக்கொண்டே இருக்கும், விசிசி-யோடு சேர்த்துவிடுங்கள். பிடபிள்யூஎம் என்பது சிக்னலை வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்து மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை. பிடபிள்யூஎம்ஏ-வை ஊனோவின் 5-ஆம் பின்னுக்கும் பிடபிள்யூஎம்பி-யை 6-க்கும் கொடுக்கலாம். 9, 10 வேண்டாம், பிறகு சர்வோ லைப்ரரியைச் சேர்த்தால் அந்த இரண்டிலும் பிடபிள்யூஎம் போய்விடும். ஏஐஎன்1, ஏஐஎன்2, பிஐஎன்1, பிஐஎன்2 நான்கும் எந்த டிஜிட்டல் பின்னுக்குப் போனாலும் சரி. ஏஓ1, ஏஓ2 இடது மோட்டார். பிஓ1, பிஓ2 வலது.

எல்298என் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் 5வி என்று ஒரு டெர்மினல் உண்டு. பக்கத்து ஜம்பர் (இரண்டு பின்னைச் சேர்க்கிற சின்னத் தொப்பி) போட்டிருந்தால் அதிலிருந்து 5 வோல்ட் வெளியே வரும், அப்போது நீங்கள் அதற்குள் எதையும் கொடுக்கக் கூடாது. பேட்டரி 12 வோல்ட்டைத் தாண்டினால் ஜம்பரை எடுத்துவிட்டு 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்த ஈஎன்ஏ, ஈஎன்பி தொப்பிகளைக் கழற்றி அங்கே பிடபிள்யூஎம் கொடுங்கள், தொப்பி இருக்கும்வரை எப்போதும் முழு வேகம்தான்.

கெப்பாசிட்டரைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 104 என்று எழுதிய செராமிக் ஒன்று, மோட்டார் மேலேயே சாலிடர் செய்ய வேண்டும். டிரைவரின் விஎம்-க்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் எலக்ட்ரோலிடிக் ஒன்று, கோடு போட்ட பக்கம் மைனஸ். வண்டி கிளம்பும்போதெல்லாம் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது, அந்தச் சின்ன எல்இடி மறுபடி மறுபடி கண்ணடிக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கெப்பாசிட்டரைப் போடவில்லை என்று அர்த்தம், அல்லது பேட்டரியின் வோல்ட்டேஜ் தொங்குகிறது. ஊனோவின் விஐஎன்-க்கு 7 வோல்ட்டாவது வேண்டும், பாதி தீர்ந்த இரண்டு செல், மோட்டார் இழுக்கிற இழுப்பில் அதற்குக் கீழே போய்விடும். வோல்ட்டேஜைக் குறைத்துத் தருகிற சின்ன பக் கன்வெர்ட்டர் ஒன்றில் 5 வோல்ட்டாக்கி 5வி பின்னில் கொடுப்பது நல்லது. சதுர 9 வோல்ட் பேட்டரியில் மோட்டார் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள்.

விஎம்-ஐ மாட்டும் முன் மீட்டரால் பிளஸ் மைனஸைப் பாருங்கள், ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். நான் நம்பினேன். ஒரு பேட்டரி ஹோல்டரில் சிவப்பு ஒயரை மைனஸில் வைத்துச் சாலிடர் செய்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் "டிக்" என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாசனை, சிப்பின் முதுகில் ஊசிமுனை அளவு ஒரு பள்ளம். தலைகீழ் மின்சாரத்திலிருந்து காப்பாற்ற மலிவு போர்டுகளில் ஒன்றும் இருக்காது.

முதல் ஓட்டத்தில் சக்கரம் தரையில் படாமல் வண்டியை ஒரு டப்பா மேல் வையுங்கள். ஏஐஎன்1 ஹை, ஏஐஎன்2 லோ என்றால் ஒரு திசை, மாற்றினால் எதிர்த்திசை. இரண்டும் ஹை என்றால் பிரேக், இரண்டும் லோ என்றால் தானாக உருண்டு நிற்கும். பிடபிள்யூஎம் மதிப்பை (0 முதல் 255 வரை) 80-இல் தொடங்கி ஏற்றுங்கள், ரொம்பக் குறைத்தால் மோட்டார் கீச்சென்று கத்துமே தவிர சுற்றாது. முழு வேகத்தில் முன்னே போகிறதை ஒரே அடியாகப் பின்னே திருப்பாதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஜெனரேட்டராக இருப்பதால் அதன் வோல்ட்டேஜும் பேட்டரியோடு சேர்ந்துகொண்டு ஸ்டாலைப் போல இரண்டு மடங்கு வரை கரன்ட் பாயும். நடுவில் 100 மில்லி செகண்டு நிறுத்திவிட்டுத் திருப்பினால் போதும். ஐந்து நிமிடம் தரையில் ஓட்டிவிட்டு டிரைவரைத் தொட்டுப் பாருங்கள், விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் மேலே போட்ட வகுத்தல் கணக்குக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரே கட்டளைக்கு ஒரு சக்கரம் முன்னும் இன்னொன்று பின்னும் போனால் பதற வேண்டாம், மோட்டார்கள் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருப்பதால் அப்படித்தான் ஆகும். அந்த மோட்டாரின் இரண்டு ஒயரை டிரைவர் பக்கத்தில் இடம் மாற்றுங்கள், மோட்டார் பக்கத்தில் வேண்டாம். மஞ்சள் மோட்டாரின் செம்புத் தகடுகள் காகிதம் மாதிரி, இரண்டு முறை மடங்கினால் உடைந்துவிடும். ஒயரைச் சாலிடர் செய்ததும் அதன் மேல் ஒரு சொட்டு ஹாட் குளூ வையுங்கள்.