ரேடியேட்டரை நானே மாற்றிய கதை

காலையில் கார் நின்ற இடத்தில் பச்சையாக ஒரு சின்னக் குட்டை. ஏசி தண்ணீர்தான் என்று ஒரு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது, ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிவு. ஒழுகல் அங்கேதான்.

ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாத கை. இரவு முழுக்க எஞ்சினை ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைப் பழைய பேசினில் பிடித்தேன். இனிக்கும் விஷம் அது, தெருநாய் நக்கிவிடக் கூடாது.

ஃபேன் சுலபமாக வந்தது. கீழ் ஹோஸ்தான் உயிரை வாங்கியது. பல வருடம் ஒட்டிப்போன ரப்பர், இழுத்தால் அசையவில்லை. லேசாகத் திருகியதும் பொளக்கென்று வந்து, மிச்சக் கூலண்ட் முழங்கைவரை வழிந்தது. ஹோஸ், அதை இறுக்கும் கிளாம்ப் இரண்டையும் புதிதாகவே போட்டேன்.

புதிய ரேடியேட்டரை மாட்டி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றி ஸ்டார்ட் செய்தால், சூட்டு முள் ஏறுகிறது! உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அணைத்து, நன்றாக ஆறவிட்டேன். அப்புறம் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஓடவிட்டேன். குமிழிகள் நிற்பதற்குள் இன்னும் அரை லிட்டர் குடித்தது.

மறுநாள் தரை காய்ந்திருந்தது. பேசினை மட்டும் அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.