ஊருக்குப் போனவர்கள் வீட்டில் ஒரு தட்டுத் தண்ணீர்

சித்தி வீட்டார் ஊருக்குப் போயிருந்ததால், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய அவர்கள் வீட்டில் ஒரு நாள் காவலுக்கு இருந்தேன். டிவி போடவில்லை. வாசலில் மண் தட்டில் தண்ணீர் வைத்தேன். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு கத்திக்கொண்டே வந்தன. அப்புறம் கொண்டைக்குருவி ஒன்று இறங்கிக் குளித்தது. அவ்வளவு அழகு!

நீங்களும் வையுங்கள். தட்டு அகலமாக, 2 அங்குலத்துக்குள் ஆழமாக இருக்கட்டும். எவர்சில்வர் வேண்டாம், வெயிலில் சுடும், கால் வழுக்கும். நடுவில் ஒரு கல் போட்டால் தேனீயும் உட்கார்ந்து குடிக்கும். நிழல் முக்கியம், ஆனால் பூனை பதுங்கும் புதருக்குப் பக்கத்தில் கூடாது. தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். கிளம்பும்போது தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.