பெரிய எண்ணொன்றின் இயல்புகளை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உவர்மலையில் நான் நடத்தும் பிரத்தியேக வகுப்பில், உயர்தர மாணவர்களிடம் 2⁶⁷ − 1 என்ற எண்ணின் இயல்புகளை எழுதிவரச் சொன்னேன். வந்த தாள்களில் என் பழைய பிழைகளே வரிசையாக இருந்தன. 1 முதன்மை எண்ணா என்பது போன்ற தடுமாற்றங்களை விட்டுவிடுகிறேன். அவை தரம் ஆறிலேயே தீர்ந்திருக்க வேண்டியவை.

விரிதாள் காட்டுவதே எண் என்று நம்புதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். அந்த எண் 147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். விரிதாளிலோ 147573952589676000000 என்று வருகிறது, ஏனெனில் அது முதல் 15 இலக்கங்களை மட்டும் காட்டி மீதியைப் பூச்சியமாக்கிவிடுகிறது. காட்சியில்தான் குறை, உள்ளே எண் பத்திரமாக இருக்கிறது என்று ஆறுதலடையவும் இயலாது. 9007199254740992 ஐத் தாண்டிய முழு எண்கள் பலவற்றை அதனால் துல்லியமாக வைத்திருக்க முடியாததால், கழித்த 1 கரைந்துபோய், 2⁶⁷ உம் 2⁶⁷ − 1 உம் அதற்கு ஒன்றாகிவிடுகின்றன.

அந்தப் பூச்சியங்களை நம்பிய மாணவர்கள், எண் 2 ஆலும் 5 ஆலும் வகுபடும் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் இலக்கங்களைக் கூட்டி 84 என்று கண்டு 3 ஐயும் சேர்த்திருந்தார். உண்மை எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 109, இலக்கச் சுட்டி (ஓரிலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது) 1. இம்மூன்றில் எதனாலும் அது வகுபடாது.

அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு முழு உரிமையில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு போட்டியொன்றுக்கு வினாத்தாள் தயாரித்தபோது, விரிதாளிலிருந்து இதே எண்ணைப் பெயர்த்தெழுதி, அதன் மிகச் சிறிய முதன்மைக் காரணியைக் கேட்டு, விடை 2 என்று குறித்துவைத்தேன். தாள்கள் அச்சான பிறகு, அடுக்க வந்த மாணவி ஒருத்தி, “சேர், இரண்டின் வலுவில் ஒன்று குறைந்தால் ஒற்றை எண் அல்லவா?” என்று கேட்டாள். மறு அச்சுக்கான பணம் என் சட்டைப்பையிலிருந்து போனது.

கண்ட முதன்மை எண்களாலெல்லாம் வகுத்தல்

67 முதன்மை எண் என்பதால், 2⁶⁷ − 1 இன் முதன்மைக் காரணி ஒவ்வொன்றும் 134k + 1 (k ஒரு முழு எண்) என்ற வடிவிலேயே அமையும். 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டிருப்பது வீண். வர்க்கமூலம் ஏறத்தாழ 1215 கோடி. எனவே சில இலட்சம் வரை வகுத்துவிட்டு முதன்மை எண் என்று அறிவிப்பதும் விடையாகாது. சிறிய காரணி 193707721, அதாவது k = 1445580 இல்தான் அகப்படுகிறது.

காரணி தெரியாமல் சேர்த்தி எண் (முதன்மையல்லாத எண்) எனலாகாது என்று எண்ணுதல்

1644 இல் பிரெஞ்சுக் கணிதர் மெர்சென் 2⁶⁷ − 1 ஐ முதன்மை எண்ணாகப் பட்டியலிட்டார். காரணி எதுவும் காணாமலே 1876 இல் இன்னொரு பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் அதை மறுத்தார். மற்றைய காரணி 761838257287 என்பதையும் சேர்த்து, 1903 இல்தான் அமெரிக்கக் கணிதர் கோல் காட்டினார்.

இலக்கச் சுட்டி பொருந்தியதும் பெருக்கல் சரி என்று விடுதல்

அந்த இரு காரணிகளையும் பெருக்கிச் சரிபார்க்கும்போது, விடையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் சுட்டி மாறாது.