குளூட்டனையும் தானியத்தையும் தவிர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். அது இல்லாத உணவுக்கு மாற நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, மருத்துவப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடுவதுதான். தீராத வயிற்று உப்புசம், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, காரணம் பிடிபடாத இரத்தச்சோகை ஆகியவற்றுக்குக் குளூட்டன்தான் காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தவுடனேயே பலர் ரொட்டியை ஒதுக்கிவிடுகிறார்கள். சில வாரங்களில் உடல் சற்றுத் தேறிய பிறகே மருத்துவரிடம் செல்கிறார்கள். குளூட்டனால் சிறுகுடல் சேதமடையும் சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, குளூட்டனுக்கு எதிர்வினையாக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் அவற்றின் அளவு படிப்படியாகக் குறைந்துவிடும். சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுக்கப்படும் திசுவும் ஆறத் தொடங்கியிருக்கும். அதனால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வர வாய்ப்புண்டு. பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரங்கள் தினமும் குளூட்டன் உள்ள உணவை உண்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் தாமாகவே மீண்டும் உண்ணத் தொடங்காமல், நிறுத்திய விவரத்தை மருத்துவரிடம் சொல்லி, அடுத்து என்ன செய்வது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

நோயின் பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, கோதுமையைத் தவிர்த்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. சீலியாக் நோய் உலக மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இருக்கும் தன்னெதிர்ப்பு நோய், அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய். இதில் சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் தேய்ந்து, இரும்புச்சத்தும் கால்சியமும் போதிய அளவு உடலில் சேராமல் போகின்றன. இவர்கள் வாழ்நாள் முழுவதும் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கோதுமை ஒவ்வாமை வேறு. அது உடனடியாக மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகக்கூடும், ஆனால் அந்த ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பார்லி ஒத்துக்கொள்ளும். இவை இரண்டும் இல்லாமலேயே கோதுமை உண்டால் வயிறு கோளாறாகும் மூன்றாவது வகையினரும் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொல்லை தருவது குளூட்டன் அல்ல. கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகையே. அத்தகைய ஒருவர் பாதாம் மாவு ரொட்டியில் தாராளமாக வெங்காயம் சேர்த்து உண்டுவிட்டு, குளூட்டனை நிறுத்தியும் குணமில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

அடுத்த தவறு, குளூட்டன் இல்லாத உணவையும் தானியமில்லா உணவையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்வது. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் அவற்றின் கலப்பினங்களிலும்தான் சீலியாக் நோயாளிகளைப் பாதிக்கும் குளூட்டன் இருக்கிறது. அரிசி, மக்காச்சோளம், சோளம், சிறுதானியங்கள் அனைத்தும் தானியங்களே எனினும் அவற்றில் அந்தக் குளூட்டன் இல்லை. தானியமில்லா உணவு இவற்றையும் சேர்த்தே விலக்குகிறது; பருப்பு வகைகள், கிழங்குகள், கொட்டைகள், விதைகள், காய்கனிகள், முட்டை, இறைச்சி, மீன் ஆகியவையே அதில் மிஞ்சுகின்றன. கினோவா, பக்வீட், கீரை விதை (அமரந்த்) ஆகிய மூன்றும் புல்லினத்தைச் சேராத செடிகளின் விதைகள், குளூட்டன் இல்லாதவை. இருந்தாலும் தானியத்தைப் போலவே சமைக்கப்படுவதால் தானியமில்லா உணவைப் பின்பற்றும் பலர் இவற்றையும் தவிர்க்கிறார்கள்.

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சீலியாக் நோய்க்குக் குளூட்டனைத் தவிர்ப்பது கட்டாயம். எல்லாத் தானியங்களையும் தவிர்ப்பது கட்டாயமல்ல. குளூட்டனை மட்டும் விலக்கச் சொல்லப்பட்ட குழந்தைக்கு, கூடுதல் நன்மை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அரிசியையும் சேர்த்து நிறுத்துவது, ஏற்கெனவே சுருங்கிப்போன தட்டை இன்னும் சுருக்குவதாகும். பெரியவர்கள் விரும்பித் தேர்ந்துகொண்டால் அது அவர்கள் உரிமை. வளரும் பிள்ளைகளுக்கு உணவியல் வல்லுநரின் துணையின்றி இதைச் செய்யக் கூடாது.

கடையில் பொருள் வாங்கும்போது நேரும் தவறுகள் பெரும்பாலும் பொட்டலத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதால் வருபவை. கோதுமை இல்லை என்று அச்சிட்டிருந்தால் குளூட்டனும் இல்லை என்று பொருளாகாது. பார்லியிலிருந்து எடுத்த மால்ட் அதில் இருக்கலாம். ஸ்பெல்ட், கமுட், டூரம் போன்றவை பெயரில் வேறாகத் தோன்றினாலும் கோதுமையின் வகைகளே. ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமையிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே நொதிக்க வைக்கப்படுகிறது. மால்ட் வினிகர், பொட்டலச் சூப், கெட்டியான சாஸ் வகைகள், பதப்படுத்திய இறைச்சி, மால்ட் சுவையூட்டிய காலை உணவுகள் ஆகியவற்றின் பின்பக்கப் பட்டியலை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்று சொல்வதற்குக் காரணம், நிறுவனங்கள் செய்முறையை மாற்றும்போது முன்பக்கத்தில் அறிவிப்பதில்லை. பன்னாட்டு உணவுத் தர நெறிமுறையான கோடெக்ஸின்படி, ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாதிருந்தால்தான் அது குளூட்டன் இல்லாதது என்று குறிக்கத் தக்கது. பல நாடுகளின் சட்டமும் இதே அளவையே பின்பற்றுகிறது.

தானியமில்லா உணவு உண்பவர்களுக்கு இன்னொரு மறைவான சிக்கல் பேக்கிங் பவுடரில் இருக்கிறது. அதில் ஈரம் சேராதிருக்க மக்காச்சோள மாவு கலக்கப்படுவது வழக்கம். வீட்டிலேயே ஒரு பங்கு சமையல் சோடாவுடன் இரண்டு பங்கு கிரீம் ஆஃப் டார்ட்டர் கலந்து வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். பொடித்த ஐசிங் சர்க்கரையிலும் இதேபோல் மக்காச்சோள மாவு இருக்கும்.

சமையலறையில் தங்கிவிடும் துகள்கள்

சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை குளூட்டனைத் தாங்குவார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. சாதாரணக் கோதுமை ரொட்டியின் ஒரு துண்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அந்தத் துண்டை இருநூறாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு சிறு துகளிலேயே நாளுக்குரிய அளவு முடிந்துவிடுகிறது. வெண்ணெய்க் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ரொட்டியில் தடவிய கத்தியையே மீண்டும் உள்ளே விட்டிருந்தால், வெண்ணெயின் மேல் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் பொடிகள் அந்த அளவை எளிதில் எட்டிவிடும்.

ஆகவே வெண்ணெய், ஜாம் போன்றவற்றுக்குத் தனிக் கிண்ணமும், டோஸ்டருக்கும் மாவுச் சல்லடைக்கும் வடிகட்டிக்கும் தனிப் பொருளும் வேண்டும். கீறல் விழுந்த மரப்பலகையையும் மரக்கரண்டியையும் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது பாதுகாப்பானது. எஃகுப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. அதிக வெப்பத்தில் குளூட்டன் அழிந்துவிடும் என்று நம்பி, கோதுமை மாவில் தோய்த்த பண்டம் பொரித்த எண்ணெயிலேயே மற்றதையும் பொரிப்பது தவறு. சமையல் வெப்பம் கிருமியைக் கொல்லும், குளூட்டனை நீக்காது. ஒரே அடுப்பில் இரு வகையும் சமைக்க நேர்ந்தால், குளூட்டன் இல்லாததை முதலில் சமைத்து மூடி வைத்துவிட வேண்டும்.

மாவை மாற்றினால் முறையையும் மாற்ற வேண்டும்

வீட்டுச் சமையலில் மிகுதியான ஏமாற்றத்தைத் தருவது, கோதுமை மாவுக்குப் பதிலாக அதே அளவு வேறொரு மாவைக் கொட்டிப் பழைய முறையிலேயே செய்து பார்ப்பது. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது கிளியாடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்கள் இணைந்து இழுபடும் வலைப்பின்னலை உருவாக்குகின்றன. மாவை நீளச் செய்வதும், பொங்கும் காற்றைப் பிடித்து வைப்பதும், வெந்த பின் உதிராமல் காப்பதும் அந்தப் பின்னலே. பாதாம் மாவிலோ தேங்காய் மாவிலோ அது இல்லாததால், பிணைக்கும் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். முட்டை, இசப்கோல் உமி, பொடித்த ஆளி விதை, சியா விதை ஆகியவை அதற்கு உதவுகின்றன.

மாவுக்கு மாவு குணமும் மாறுகிறது. தேங்காய் மாவு நீரை மிகுதியாக உறிஞ்சும். கோதுமை மாவு ஒரு கோப்பை கேட்கும் இடத்தில் கால் கோப்பை தேங்காய் மாவே போதும், முட்டையையும் நீரையும் கூட்ட வேண்டும். பாதாம் மாவில் பாதியளவு கொழுப்பு என்பதால் மேற்புறம் விரைவில் கருகும். வெப்பத்தைச் சற்றுக் குறைத்து, நேரத்தைக் கூட்டுவதே வழி. மரவள்ளி மாவு மட்டுமே சேர்த்தால் பண்டம் பசைபோல ஆகிவிடும். சூரியகாந்தி விதை மாவுடன் சமையல் சோடா சேர்த்துச் செய்த கேக் ஆறியதும் உள்ளே பச்சை நிறமாக மாறுவதைக் கண்டு, கெட்டுப்போய்விட்டது என்று எறிந்துவிடுபவர்கள் உண்டு. விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது, தீங்கற்றது. சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

எளிதான ஒரு தட்டை ரொட்டியை எடுத்துக்கொள்வோம். பாதாம் மாவு 100 கிராம், பொடித்த இசப்கோல் உமி 10 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றை உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துகொள்ள வேண்டும்; நீர் சேர்த்த பிறகு இசப்கோலைத் தூவினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெயும், 80 மில்லி சூடான நீரும் ஊற்றிக் கிளற வேண்டும். முதலில் மாவு கையில் ஒட்டும் கூழாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில் பலர் பொறுமையிழந்து மேலும் மாவைச் சேர்த்துவிடுகிறார்கள். ரொட்டி காய்ந்து விரிசல் விடுவது இதனால்தான். மூடி வைத்துப் பத்து நிமிடம் விட்டால், இசப்கோல் நீரை உள்வாங்கி, விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பும் உருண்டையாக மாறியிருக்கும். அப்போதும் வறண்டிருந்தால் மட்டும் ஒரு கரண்டி நீர் சேர்க்கலாம். நான்காகப் பிரித்து, இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே தேய்த்து, மிதமான சூட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வீதம் சுட்டெடுக்க வேண்டும். சூடாகப் பிய்த்தால் உட்புறம் ஈரமாகத் தோன்றும். சற்று ஆறினால் சரியாகிவிடும்.

கொட்டை ஒவ்வாதவர்களுக்குக் கடலை மாவு நல்ல மாற்று. 100 கிராம் மாவுக்கு 200 மில்லி நீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு சேர்த்துக் கரைத்து ஒரு மணி நேரமாவது ஊறவிட்டு, நன்கு சூடேறிய கல்லில் மெல்லிதாக ஊற்றிச் சுட வேண்டும். ஊறவிடாமல் சுட்டால் பச்சை வாசனை போகாது. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்த கடலை மாவு சீலியாக் நோயாளிகளுக்கு உதவாது. குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற பொட்டலத்தை வாங்குவதே சரி. இன்னும் எளிதாக ஏதேனும் வேண்டுமென்றால், நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, இரண்டு முட்டையும் இரண்டு மேசைக்கரண்டி பாதாம் மாவும் அடித்துச் சேர்த்து, உள்ளங்கையைவிடச் சிறிய பான்கேக்குகளாகக் குறைந்த தீயில் சுடலாம். பெரிதாக ஊற்றினால் திருப்பும்போது உடையும்.

காலிஃபிளவரைத் துருவிச் சோறு போலச் செய்பவர்கள் மூடி போட்டு வேகவிடக் கூடாது, உப்பையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் விட்டுக் குழைந்துவிடும்.

ஒதுக்கியதற்கு ஈடு எங்கே?

பல நாடுகளில் கோதுமை மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. அதை நிறுத்தும்போது அந்தச் சத்துகளும் நின்றுபோகின்றன. கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டிலும் கேக்கிலும் நார்ச்சத்து குறைவாகவும், மாவுப்பொருளும் சர்க்கரையும் மிகுதியாகவும் இருப்பது வழக்கம். பருப்பு, கீரை, விதைகள், தோலுடன் வேகவைத்த கிழங்கு ஆகியவற்றை வேண்டுமென்றே தட்டில் சேர்க்காவிட்டால் மலச்சிக்கலும் சோர்வும் வரும். தானியத்தை விடாமல் குளூட்டனை மட்டும் தவிர்ப்பவர்கள் மூன்று வேளையும் அரிசியை நம்பியிருப்பதும் நல்லதல்ல, ஏனெனில் நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்செனிக்கை மற்றத் தானியங்களைவிட அதிகமாக ஈர்க்கிறது. நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் அதன் அளவு குறையும். பாதாம் மாவையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்: 100 கிராமில் ஏறத்தாழ 600 கலோரி இருக்கிறது, அதே எடைக் கோதுமை மாவில் ஏறத்தாழ 350 மட்டுமே. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொண்டாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் சான்று பெற்றதை மட்டுமே, அதுவும் மருத்துவரைக் கேட்ட பிறகே, சேர்க்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து எல்லாத் தொல்லையும் மறைந்தவுடன், இனி சிறிது உண்டால் என்ன ஆகிவிடும் என்று சோதித்துப் பார்ப்பது சீலியாக் நோயாளிகள் பலர் செய்யும் தவறு. வெளியே தெரியும் அறிகுறிகள் சில வாரங்களில் தணிந்தாலும் குடலின் உட்சுவர் முழுமையாக ஆற மாதங்கள் ஆகும். பெரியவர்களில் பலருக்கு ஆண்டுகளும் ஆவதுண்டு. வயிறு எந்தத் தொல்லையும் காட்டாதபோதே உட்சுவர் மீண்டும் சேதமடைய முடியும் என்பதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் எதிர்ப்பொருள் அளவையும், இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12 ஆகியவற்றையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் அளவு குறையாமல் நின்றால் வீட்டிலோ வெளியிலோ எங்கோ குளூட்டன் கலக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். மாத்திரை உறைகள் உட்பட, வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் எழுதிவைத்த குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டினால் அது எங்கே என்று கண்டுபிடிப்பது எளிதாகும்.